வெறும் மணியில் வெளிச்சம்

ஜூலை 3, வியாழன்

ஆய்வகக் குறிப்பேட்டில் கோபத்தை எழுதக் கூடாதாம். 'இந்தக் கருவி நாசமாய்ப் போக' என்று நான் எழுதியிருந்த வரியைச் சற்குணம் சார் சிவப்பு மையால் வட்டம் போட்டு, 'இது முடிவு அல்ல' என்று பக்கத்தில் குறித்திருக்கிறார். சரி. முடிவுகள் அங்கே இருக்கட்டும். மற்றதெல்லாம் இங்கே.

புது டைரிக்கு அறிமுகம் வேண்டாமா? நான் பொன்செல்வி. வயது முப்பத்தைந்து. முனைவர் பட்டத்துக்குப் பதிந்து ஆறாவது வருஷம். இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று. ஆகஸ்ட் இருபத்தொன்றாம் தேதி ஆய்வுக் குழு கூடுகிறது. அன்றைக்குக் கையில் ஒரு எண் இல்லையென்றால் பதிவு ரத்து. சற்குணம் சார் என் கைடு. அவரால் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது, அதைச் சொல்லும்போது அவர் முகம் என்னைவிடப் பாவமாக இருந்தது.

அது என்ன எண் என்றால்: மாவைவிடப் பொடியான பிளாஸ்டிக் மணிகள் இருக்கின்றன. அவற்றுக்குள் மருந்தை ஏற்றி உடம்புக்குள் அனுப்பினால் மருந்து மெல்ல மெல்லக் கசியும். மணிக்குள்ளே அந்தச் சின்ன மூலக்கூறு என்ன வேகத்தில் நகர்கிறது? அவ்வளவுதான் கேள்வி. மருந்துக்குப் பதில் ஒளிரும் சாயம் ஒன்றை ஏற்றி, நுண்ணோக்கியில் வெளிச்சம் பாய்ச்சி, சாயம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என் சிவப்புச் சாயம் மணிக்குள்ளும் ஒளிர்கிறது, வெளியே தண்ணீரிலும் ஒளிர்கிறது. படம் முழுக்க ஒரே சிவப்பு. தண்ணீரைக் கழுவப் போனால் மணியில் இருப்பதும் சேர்ந்து போய்விடுகிறது.

தண்ணீரில் அணைந்து மணிக்குள் மட்டும் ஒளிரும் சாயங்கள் உண்டு. ஒன்று வாங்கித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அந்தக் கோப்பு யார் மேஜையிலோ நிம்மதியாகத் தூங்குகிறது.

அத்தைக்குக் கண் சொட்டு மருந்து வாங்க வேண்டும்.

ஜூலை 7, திங்கள்

கேஸ் சிலிண்டர் வந்தது. தண்ணீர் வரவில்லை.

வீட்டில் அத்தையும் நானும் மட்டும். அத்தையின் மகன், என் வீட்டுக்காரர், போய் மூன்று வருஷம் ஆகிறது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர். அத்தைக்கு மாமா போய் இருபத்திரண்டு வருஷம். நான் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு வைத்துக்கொள்கிறேன். அதுவரைக்கும் எங்கள் தெரு சம்மதிக்கிறது. அத்தை அதுவும் வைப்பதில்லை, திருநீறு மட்டும்.

"ஏட்டி செல்வி, குளியலறைக்குள்ளயே குடியிருக்கப் போறியா? பஸ்ஸு போயிரும்," என்று அத்தை கதவைத் தட்டினாள். தாமதத்துக்குக் காரணம் முகத்தில் பரு. அதற்கு ஒன்று பூசினேன். மருந்துதான்.

ஜூலை 11, வெள்ளி

ஆய்வகத்தில் கையுறைப் பெட்டி காலி. வழக்கம்போல மணிகளை எத்தனால் கலந்த தண்ணீரில் போட்டு, சோதனைக்குழாயின் வாயைக் கட்டைவிரலால் பொத்திக் குலுக்கினேன்.

"அக்கா, இதென்ன பிளஸ் டூ பிராக்டிகலா? மூடி எங்க?" என்றாள் ரிஸ்வானா. மேலப்பாளையத்துப் பெண், எனக்கு இரண்டு வருஷம் ஜூனியர். வாய் மட்டும் பத்து வருஷம் சீனியர்.

"மூடியத் தேடுத நேரத்துல மூணு குழாய் குலுக்கிருவேன்."

"சார் பாத்தாருன்னா உங்களக் குலுக்கிருவாரு."

எனக்கு வேதியியல் சொல்லிக் கொடுத்த டீச்சரும் கட்டைவிரலால்தான் பொத்துவார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

ஜூலை 14, திங்கள்

பரு போய்விட்டது. இருந்தாலும் மருந்தை நிறுத்தவில்லை. அந்தக் கிழங்கை வாங்கி மாதக்கணக்காகிறது, தேயவே மாட்டேன் என்கிறது. நல்ல சாமான்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. விடியுமுன்பே அம்மன் கோயில் ஒலிபெருக்கி அலறியது. பஸ்ஸில் நிற்க இடமில்லை, எல்லார் தலையிலும் பூ.

இன்று ஒரு பேரிடி. நுண்ணோக்கியை எனக்கு முன்னால் பார்த்தவர் நீல வெளிச்சத்தில் விட்டுப் போயிருக்கிறார். நான் கவனிக்காமல் வெறும் மணிகளை வைத்தேன். வெறும் மணி என்றால் சாயமே ஏற்றாதது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்வோம். அது இருட்டாக இருக்க வேண்டும். அதுதான் அதன் ஒரே வேலை.

அது ஒளிர்ந்தது. பச்சையாக, பளிச்சென்று, ஒவ்வொரு மணியும். சுற்றிலும் தண்ணீர் கும்மிருட்டு.

அழகாகத்தான் இருந்தது. ரசிக்கத்தான் முடியவில்லை. வெறும் மணியில் நான் போடாத ஒன்று புகுந்திருக்கிறது என்றால், ஆறு வருஷமாக நான் அளந்தவற்றில் என்னவெல்லாம் புகுந்ததோ?

ஜூலை 19, சனி

சார் படத்தைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட செய்தி வரும்போதெல்லாம் துடைப்பார்.

"குழுவுக்கு மதுரையிலேருந்து நம்பெருமாள் வாராரு. அவரு இத மட்டும் பாத்தாருன்னா அக்குவேறு ஆணிவேறா பிரிச்சிருவாரும்மா. எங்கேயிருந்து வந்துதுன்னு கண்டுபிடி. இல்லேன்னா..." அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சும்மா எரிந்து விழுந்தேன். முருங்கைக்காய்க் குழம்பில் உப்பு அதிகம் என்று. உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஜூலை 22, செவ்வாய்

ரிஸ்வானாவின் வெறும் மணிகளை வைத்துப் பார்த்தோம். அதே டப்பா, அதே எத்தனால், அதே தண்ணீர். இருட்டு. என்னுடையது வெளிச்சம். ஆக, குற்றவாளி பொருள் அல்ல, ஆள். ஆள் நான்.

ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து வரைபடம் எடுத்தோம். ரிஸ்வானா அதைப் பார்த்ததும், "அக்கா, இது மஞ்சள் மாதிரி இருக்கு. மஞ்சக் கிழங்கு. அதுல உள்ள சாயத்துக்கு இப்படித்தான் மேடு வரும்," என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஆனா உங்கட்ட எப்படிக்கா..."

"ஆமா. எங்கிட்ட எப்படி," என்றேன் நானும்.

சாரும் யோசித்தார். "நம்ம லேப்ல மஞ்சள் பூசுறது யாரு?" என்றார். நாங்கள் மூன்று பேர். சார் தேவாலயத்தில் பாடல்குழு நடத்துகிறவர். ரிஸ்வானா முகத்துக்குக் கிரீம் தவிர வேறெதுவும் போடாதவள். நான் இப்படி. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு சார் சட்டென்று ஜன்னலைப் பார்த்தார். பாவம், மனிதர் மரியாதை தெரிந்தவர்.

சமையல் மஞ்சளாக இருக்கும். அப்படித்தான் சொன்னேன். சமைக்காத வீடு உண்டா?

ஜூலை 25, வெள்ளி

சமையல் மஞ்சள் இல்லை.

ரிஸ்வானா விடாக்கண்டி. வீட்டிலிருந்து மஞ்சள்தூள் கொண்டுவந்து, மீனில் மசாலா விரவுவதுபோல் கை நிறையப் பூசி, சோப்புப் போட்டுக் கழுவி, என்னைப் போலவே கட்டைவிரலால் குழாயைப் பொத்திக் குலுக்கினாள். மணி லேசாக மினுங்கியது, அவ்வளவுதான். என்னுடையதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

"கழுவுனா போயிருதுக்கா. உங்களது கழுவியும் போகாத மஞ்சள். தினம் தேச்சு தோலுக்குள்ளயே ஊறுனது மாதிரி," என்றாள். அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நுண்ணோக்கியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

தலைவலி என்று சொல்லிவிட்டுச் சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

சரி. இங்கேயாவது எழுதிவிடுகிறேன். பூசுமஞ்சள்.

கல்லில் உரசினால் சத்தம் கேட்கும் என்று வாளியின் அடியில் வைத்து உரசுவேன். முகத்திலும் கையிலும் பூசி, மஞ்சள் தெரியாத அளவுக்கு அழுத்திக் கழுவிவிட்டு வெளியே வருவேன். பருவும் இல்லை, மருந்தும் இல்லை. அவர் போன பதினாறாம் நாள் பெண்கள் சேர்ந்து என்னென்னவோ எடுத்தார்கள். பூ, வளையல், தாலி. தாலிக்கு அழுதேன். மற்றவற்றுக்கு அழக்கூடத் தோன்றவில்லை. இந்தச் சித்திரையில் கடையில் கிழங்கைப் பார்த்ததும் கை தானாக எடுத்துவிட்டது. அந்த வாசனை எனக்குப் பிடிக்கும். கல்யாணத்துக்கு முன்பும் பிடிக்கும். அவருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இதை எழுதவே மூச்சு வாங்குகிறது. இதை ரிஸ்வானாவிடம் சொல்ல வேண்டுமா? சொல்லாவிட்டால் வெறும் மணி ஏன் ஒளிர்ந்தது என்று சொல்ல முடியாது. அது முடியாவிட்டால் பட்டம் இல்லை. சொன்னால் ஊர் வாயில் அவல். பட்டமும் வேண்டும், மானமும் வேண்டும் என்றால் எப்படி?

ஜூலை 29, செவ்வாய்

சொல்லிவிட்டேன். சொல்லவில்லை என்றும் சொல்லலாம். காலையில் வழக்கத்தைவிட நன்றாகவே பூசிக்கொண்டு போனேன். ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் புதுக் குழாயை எடுத்தேன். "ரிஸ்வானா, பாத்துக்கோ," என்று கட்டைவிரலால் பொத்திக் குலுக்கினேன். நுண்ணோக்கி அறைக்கு நாங்கள் இருவரும் கிட்டத்தட்ட ஓடினோம். வழக்கமாகக் கழுவி, ஊறவைத்து, பிறகுதான் பார்ப்பேன். இன்று பொறுமை இல்லை, அப்படியே வைத்தேன்.

அந்த நுண்ணோக்கி மணியைக் குறுக்கே வெட்டிய வெங்காயம் மாதிரி காட்டும். மணியின் நடுப்பகுதி இருட்டு. ஓரத்தில் மட்டும் மெல்லிய பச்சை வளையம். "நீங்கதானா அது?" என்று ரிஸ்வானா மெதுவாகக் கேட்டாள். "நாந்தான்," என்றேன்.

அவள் என் கட்டைவிரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "பருவுக்கு நல்லதாக்கா?" என்றாள்.

"பருவுக்கு இல்ல. பிடிக்கும். அவ்வளவுதான்."

"அதச் சொல்ல இம்புட்டு நாளா? மஞ்சத்தூள நான் கையெல்லாம் பூசி, உம்மா என்னய 'மீன் இல்லாம மசாலா தடவுதியே, கிறுக்கு பிடிச்சிருக்கா'ன்னு ஏசுனது உங்களுக்குத் தெரியுமா?"

சிரித்தேன். சிரிப்பு அழுகையாகிவிட்டது, வெட்கம் கெட்ட அழுகை. அவள் தன் துப்பட்டாவைக் கொடுத்தாள். கண்ணைத் துடைத்துவிட்டுத் திரையைப் பார்த்தால் வளையம் தடித்திருந்தது. இன்னும் பார்த்தோம். இன்னும் தடித்தது. பச்சை ஓரத்திலிருந்து நடுவைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தது. வெளியே தண்ணீர் இருட்டாகவே இருந்தது. கழுவ வேண்டிய தேவையே இல்லை.

நான் கத்திவிட்டேன். பக்கத்து அறையிலிருந்து இயற்பியல்காரர் எட்டிப் பார்த்தார். ஆறு வருஷமாக எந்தச் சாயத்துக்காகக் கோப்பு அனுப்பிக் காத்திருந்தேனோ, தண்ணீரில் அணைந்து மணிக்குள் மட்டும் எரிகிற அந்தச் சாயத்தைத் தினமும் கையில் பூசிக்கொண்டு வந்திருக்கிறேன். சின்ன மூலக்கூறு மணிக்குள் நகர்வதை இன்று கண்ணால் பார்த்தேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சாரிடமும் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்தார். ஆனால் இந்தத் தடவை சிரித்துக்கொண்டே துடைத்தார். மருந்தியல் துறையிலிருந்து மஞ்சளின் சாயத்தைச் சுத்தமான பொடியாக ஒரு சின்னக் குப்பியில் வாங்கித் தந்தார். இனி என் கட்டைவிரலுக்கு ஓய்வு. கையுறைகளும் வந்துவிட்டன.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அத்தை சித்திரான்னம் கிண்டினாள். எலுமிச்சை, தேங்காய், புளி என்று மூன்று வகை, இரண்டு பேருக்கு. தாமிரபரணிக்குப் போகலாமா என்று கேட்டேன். "கூட்டத்துல யாரு இடிபட? மொட்டமாடியில உக்காந்து திம்போம்," என்றாள். அப்படியே செய்தோம்.

குளியலறையில் சோப்புப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கும் கிழங்கை இன்று கையிலெடுத்து உற்றுப் பார்த்தேன். நான் வாங்கியது நீளம். இது உருண்டை. வீட்டில் இருப்பதோ இரண்டே பேர்.

அத்தைக்குக் கண் ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை நன்றாகத்தான் இருக்கிறது போல.

ஆகஸ்ட் 6, புதன்

குப்பிச் சாயம் தண்ணீரில் நிற்கமாட்டேன் என்கிறது. அரைமணி நேரத்தில் நிறம் செத்துப் போகிறது. அளப்பதற்குள் ஓடிவிட்டால் எதை அளக்க? எடுத்த படங்களெல்லாம் குப்பை. இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. காறித் துப்பலாம்போல் இருந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

புளிப்பு. தண்ணீரில் கொஞ்சம் புளிப்பு சேர்த்தால் சாயம் சிதையாமல் நிற்கிறது. ரிஸ்வானா பழைய ஆய்வுக்கட்டுரைகளைத் துழாவிக் கண்டுபிடித்தாள். "குழம்புன்னா புளி வேண்டாமாக்கா?" என்கிறாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எண் கிடைத்துவிட்டது.

சின்ன மணி, பெரிய மணி, கெட்டியாகச் செய்தது, இளக்கமாகச் செய்தது எல்லாவற்றிலும் வளையம் உள்ளே போகும் வேகத்தை அளந்தோம். இளக்கமான மணியில் விறுவிறு என்று போகிறது, கெட்டியானதில் முக்கி முனகிப் போகிறது. மூன்று முறை செய்தும் அதே விடை. ஆய்வகக் குறிப்பேட்டில் ஒழுங்காக எழுதினேன். சார் அதன் கீழே பச்சை மையில் 'இது முடிவு' என்று எழுதினார். எனக்குக் காது வரை சிரிப்பு.

ஆகஸ்ட் 14, வியாழன்

குழுவுக்கான அறிக்கையைச் சார் படித்தார். ஒரு வரியில் பேனா நின்றது. 'வெறும் மணிகளின் ஒளிர்வுக்குக் காரணம், ஆய்வாளர் குளிக்கையில் பூசும் மஞ்சள் விரல் வழியே கலந்தது.'

"இது இருக்கணுமாம்மா? 'வெளி மாசு'ன்னு போட்டா போதுமே. சுத்தமான சாயம் வச்சு எல்லாத்தையும் திருப்பிச் செஞ்சாச்சுல்லா. எனக்காகச் சொல்லலை. துறைத்தலைவர் உன் வீட்டுத் துக்கத்துக்கு வந்தவரு. அலுவலகத்துல உங்க தெருக்காரங்க ரெண்டு பேரு இருக்காவ."

அவர் சொன்னது நியாயம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பஸ்ஸில் வரும்போது யோசித்தேன், சாதம் வடிக்கும்போது யோசித்தேன். வெளி மாசு என்று போட்டால் எது, எங்கிருந்து, எப்படித் தெரியும் என்று நம்பெருமாள் கேட்காமல் விடமாட்டார். அதுகூடப் பெரிதில்லை. என் கையில் பூசியதை மாசு என்று நானே எப்படி எழுதுவேன்?

வரி இருக்கட்டும்.

ஆகஸ்ட் 20, புதன்

நாளை. சேலை இஸ்திரி போட்டாயிற்று. அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் வாயைத் திறந்து சொல்வது வேறு. வெளியிலிருந்து கேள்விப்பட்டால் அவளுக்கு அவமானமாக இருக்குமோ? பயமாக இருக்கிறது. குழுவைவிட இதற்குத்தான் பயம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

வளையம் நகரும் படத்தை ஓட்டியபோது அறையிலிருந்தவர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்கள். எண்களைக் காட்டினேன். பிறகு அந்த வரி திரையில் வந்தது. துறைத்தலைவர் தன் முன்னாலிருந்த காகிதங்களை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார். ஒழுங்காக இருந்த காகிதங்கள்.

நம்பெருமாள் ஒல்லியான மனிதர், குரல் மட்டும் பெரியது. "ஒரு நிமிஷம். சமையல் மஞ்சள் இல்லைங்கிறது எப்படி உறுதி?"

"சமையல் மஞ்சள் வச்சும் செஞ்சு பாத்தோம் சார். கழுவினதும் போயிருது. இது குளிக்கும்போது பூசுறது. தினமும் பூசுறேன். தோல்ல தங்கிருது."

"நீங்களா?"

"நாந்தான் சார்."

சத்தமாகவே சொன்னேன். முணுமுணுப்பாக வரும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "விரல் எப்படிக் குழாய்க்குள்ள போச்சு?"

"கட்டைவிரலால பொத்திக் குலுக்கினேன் சார்."

"அட கடவுளே!" என்று மேஜையைத் தட்டினார். "ஆறு வருஷமா ஆராய்ச்சி பண்ற பொண்ணு கட்டைவிரலால குழாயப் பொத்துறதா? வெட்கப்படணும்னா அதுக்கு வெட்கப்படுங்க! மஞ்சளுக்கு என்ன? அது பாட்டுக்குத் தன் வேலையைச் செஞ்சிருக்கு."

சார் இருமலுக்குள் சிரிப்பை மறைத்தார். என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். திரும்பக் கூப்பிட்டபோது துறைத்தலைவரே எழுந்து வந்து கைகொடுத்தார். பதிவு ரத்து இல்லை. ஆறு மாதத்துக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம். வாசலில் ரிஸ்வானா என்னைக் கட்டிப்பிடித்ததில் என் கொசுவமே கலைந்துபோனது.

வீட்டுக்கு வந்தால் அத்தை டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் சொன்னேன். மணி, சாயம், மஞ்சள், கட்டைவிரல், அத்தனை பேர் முன்னால் நான் சொன்னது, எல்லாம். அத்தை டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"எல்லாரு முன்னாலயும் சொன்னியா?"

"சொன்னேன் அத்தை."

"யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"கட்டைவிரலுக்குத்தான் ஏசுனாங்க."

அத்தை தலையை ஆட்டிக்கொண்டாள். விளம்பரம் வந்தது. விளம்பரம் முடிந்து தொடரும் வந்துவிட்டது. நான் எழுந்து அடுப்படிக்குப் போகப் பார்த்தேன். அப்போது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், அத்தை கேட்டாள்.

"ஏட்டி, இந்த வயசுல எனக்குப் பூசுனா அசிங்கமாவா இருக்கும்?"

திரும்ப வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். "நல்லா இருக்கும் அத்தை," என்று மட்டும் சொன்னேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலையில் அத்தை எனக்கு முன்னால் குளிக்கப் போனாள். வெகுநேரமாகியும் கதவு திறக்கவில்லை. உள்ளே கல்லில் உரசும் சத்தம், நன்றாக, தெருவுக்கே கேட்கும்படி. என் பஸ் போய்விட்டது. நான் கதவைத் தட்டவில்லை.